முதுகில் ஒரு பாக்கெட்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோரிப்பாளையம் சிக்னலில் என் சட்டையைப் பார்த்தேன்.

நான் போட்டிருந்த சட்டை இல்லை. எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண் போட்டிருந்த சட்டை.

இருங்கள், முதலில் சிக்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதத்து மதுரையில் யாரும் சிக்னல் கோட்டை ஒட்டிப் போய் நிற்பதில்லை. துணிக்கடை போர்டின் நிழல் எங்கே விழுகிறதோ, அங்கேதான் நிற்போம். கோட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கும். வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் முன்னால் போய் வெயிலில் நின்றுவிட்டால், நிழலில் இருக்கும் அத்தனை பேரும் அவரைப் பாவமாகப் பார்ப்போம். பின்னால் வருகிறவர்களும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். ‘அண்ணே, லேசா ஒதுங்குங்க... தலை மட்டும் உள்ள வந்தாப் போதும்’ என்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். கே.கே.நகரில் ஒரு வேலையை முடித்துவிட்டு அலுவலகம் திரும்பிக்கொண்டிருந்தேன். நிழலுக்குள் தலையைக் கொடுத்து நின்றேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. ஸ்ட்ராப் மாட்டவில்லை. வெயில் காலத்தில் நான் மாட்டுவதில்லை – தாடைக்குக் கீழே வேர்வை ஊறி, வேர்க்குரு வந்து, ராத்திரியெல்லாம் அரிக்கும். அது கிடக்கட்டும்.

முன்னால் இருந்த பெண்ணுக்கு முதுகில் பாக்கெட் இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் வீட்டில் இருக்கும் ஆணின் பழைய முழுக்கைச் சட்டையை எடுத்து, முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டிக்கொள்வார்கள். புடவைக்கு மேலேயே. கை இரண்டும் நெஞ்சும் வெயிலிலிருந்து தப்பிக்கும். பின்னால் மேல் பட்டன் ஒன்றை மட்டும் போட்டால் போதும், முதுகில் காற்று போகும். பாக்கெட் தோள்பட்டைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். முகத்துக்குத் துப்பட்டா, கைக்கு கிளவுஸ், காலுக்கு சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஹெல்மெட். வெளியே தெரிவது இரண்டு கண் மட்டும். சொந்த மாமியார் எதிரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது... சிலர் அதற்காகவே போடுகிறார்களோ என்னவோ!

அந்தப் பாக்கெட்டின் அடியில் இட்லி அளவுக்கு நீல மைக் கறை. பிஸ்கட் கலர் சட்டை. அந்த மை என் பேனாவில் ஒழுகிய மை. அந்தச் சட்டையைப் பழைய துணிக்காரரிடம் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கிவிட்டதாக என் மனைவி சொல்லியிருந்தாள்.

சரி, பழைய துணிக்காரர் யாருக்கோ விற்றிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கண்ணைக் கீழே இறக்கினேன். நம்பர் பிளேட். வருஷா வருஷம் நான் இன்ஷூரன்ஸ் கட்டுகிற நம்பர். பக்கத்திலேயே சிவப்பில் ஒரு ‘எல்’.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மனைவியை அடையாளம் தெரியவில்லை, சட்டையைத் தெரிகிறது. என்ன மனிதன் நான்?

பச்சை விழுந்தது. அவள் இரண்டு காலாலும் தரையை உந்தி, லேசாக ஆடி, அப்புறம் நேராகி, ஆனையூர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். நான் அப்படியே நின்றேன். பின்னால் இருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னண்ணே, நிழல் ரொம்பப் பிடிச்சுப்போச்சா?”

என் மனைவி மல்லிகா ஒத்தக்கடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பரீட்சை நேரம் என்பதால் அப்போது மத்தியானமே பள்ளி விட்டுவிடும். வீடு ஆனையூரில். இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். மகள் நிவேதா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவளுடைய ஸ்கூட்டர் போர்டிகோவில் கவர் போட்டு நிற்கிறது. காலையில் நான் கிளம்பும்போதும் கவருக்குள் இருக்கும். சாயங்காலம் வரும்போதும் கவருக்குள் இருக்கும். நடுவில் அது ஒத்தக்கடை வரை போய்வருகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஏன் மறைத்தாள் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் லட்சணம் தெரியும். நான் பயப்படுகிற ஆள். அவள் வர பத்து நிமிஷம் தாமதமானால் நாலு தடவை போன் போடுவேன். நிவேதா வண்டி பழகியபோது தெரு முழுக்கப் பின்னாலேயே ஓடினேன். கடைசியில் அவள் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அப்பா, வண்டியப் பாத்து எனக்குப் பயமில்ல. நீங்க ஓடியாரதப் பாத்தாத்தான் பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மல்லிகா காபி கொண்டுவந்தாள். மூக்கின் மேல்பக்கம், துப்பட்டா மூடாத இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. இத்தனை நாளாக இதைக்கூடக் கவனிக்கவில்லை.

“பஸ்ஸுல இன்னிக்கு எம்புட்டுக் கூட்டம் தெரியுமா” என்றாள்.

“உக்கார இடம் கெடச்சுதா?”

“கெடச்சது. சன்னலோரம். நல்ல காத்து.”

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போன் வந்தது. நிவேதா. மல்லிகா போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

“அடுத்த வாரம் வியாழக்கிழமைடி. எட்டு மட்டும் கால் ஊனாமப் போட்டுட்டா லைசென்ஸ் வந்துரும். அப்புறந்தான் ஒங்கப்பாட்டச் சொல்லணும். இப்பச் சொன்னா அவரு பயந்து, என்னையும் பயமுறுத்தி, நான் அங்க போயி கால ஊனிருவேன். இந்த ஒரு தடவ நானாச் செஞ்சிட்டு வந்து சொல்றேன்டி.”

வாயை மூடிக்கொண்டேன். ஐம்பது வயதில் ஒருத்தி தானாக ஒன்றைச் செய்து முடிக்க நினைக்கிறாள். அதை நான் கெடுத்துவிடக்கூடாது. ஆனால் பத்து நாள் என் வாயை நான் எப்படிக் கட்டுவது?

சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே ரைடிங் கியர் விற்கிற கடைக்குப் போனேன். முழங்கையில் பிளேட், தோளில் பிளேட், முதுகில் பிளேட் வைத்த ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. பனிமலையில் ஓட்டுகிறவர்களின் படம் சுவரெல்லாம். சம்சாரத்துக்கு என்று சொல்லி ஒன்று கேட்டேன். கடைக்காரர் எடுத்து வந்தார்.

“இது மெஷ் ஜாக்கெட்ணே. காத்து பூந்து பூந்து போகும்.”

“காத்து அடிச்சாத்தானப்பா பூந்து போகும்?”

அவர் சிரித்தார். நானே அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் வெயிலில் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரம்தான். குக்கருக்குள் உட்கார்ந்த பருப்பு மாதிரி ஆகிவிட்டேன். தள்ளாடி உள்ளே வந்தபோது அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“உண்மையச் சொல்லவா அண்ணே? எங்க வீட்ல ஒண்ணு ஃப்ரீயாவே குடுத்தேன். பீரோவுலதான் இருக்கு. என் சட்டையத் திருப்பி மாட்டிக்கிட்டுத்தான் போகுது.”

யோசித்துப் பார்த்தேன். அந்த ஜாக்கெட்டைத் தைத்தவர் ஆபத்து ரோட்டில் இருக்கிறது என்று நினைத்துத் தைத்திருக்கிறார். அவர் நினைத்ததும் சரிதான். ஆனால் மதுரைக்காரி தெருவில் இறங்கும்போது முதலில் அண்ணாந்துதானே பார்க்கிறாள்? கீழே விழுவது என்றைக்கோ ஒருநாள். வெயில் தினமும் விழுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் தைத்துக் கொடுத்தால் அவருக்குக் கோடிப் புண்ணியம். அதுவரைக்கும் புருஷன்மார் சட்டைதான்.

கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். போகிற வழியில் நல்ல பருத்தியில் ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை எடுத்தேன், என் அளவுக்கு ஒரு சைஸ் பெரியதாக. இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள், “இது தொளதொளன்னு இருக்கு, எனக்கு வேணாம், வாளிக்காரர்ட்டப் போட்டுரு” என்றேன்.

மல்லிகா சட்டையை வாங்கி, துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். “சரி, போட்டுருவோம்” என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டு மேஜையில் விரலால் எட்டு போட்டுக்கொண்டே இருந்தாள். தோசைக் கல்லிலும் ஒரு எட்டு வந்தது. நான் ஒன்றும் கேட்காமல் தின்றேன்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் நான் கிளம்பும்போது, “போயிட்டு வாங்க” என்ற அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. ‘முன்னால பாத்து ஓட்டு, கீழ குனிஞ்சு பாக்காத’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. “குடை எடுத்துக்க, பஸ் ஸ்டாப்புல வெயிலா இருக்கும்” என்று மட்டும் சொன்னேன். அலுவலகத்தில் போனை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். நம்புங்கள், ஒரு தடவைகூட அடிக்கவில்லை. தாங்கவே முடியாமல்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஸ்கூட்டர் கவர் இல்லாமல் வாசலிலேயே நின்றது. மல்லிகா படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹெல்மெட். அதற்குள் ஒரு அல்வாப் பொட்டலம்.

“பாஸ் பண்ணிட்டேங்க. எட்டுல கால் ஊனவே இல்ல.”

நான் திடுக்கிட்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். “என்ன எட்டு? யாரு பாஸு? இது யாரு வண்டி?”

“நடிக்காதீங்க” என்றாள். “அன்னிக்கு கோரிப்பாளையத்துல கண்ணாடியில ஒங்களப் பாத்துட்டேன். திரும்பிப் பாத்தா அழுதுருவேன்னுதான் அப்படியே போனேன். நிவேதாட்ட எதுக்கு அம்புட்டுச் சத்தமாப் பேசுனேன்னு நெனச்சீங்க? ஒங்க காதுல விழணும்னுதான்.”

கையில் என் ஹெல்மெட்டோடு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

“ஒரு போன்கூட அடிக்காம இருந்தீங்க பாருங்க...” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பெருமையாக இருந்தது – அவளை நினைத்து முக்கால் பங்கு, என்னை நினைத்துக் கால் பங்கு.

அந்தக் கால் பங்கும் நிலைக்கவில்லை.

“அது இருக்கட்டும். கண்ணாடியில ஒங்க மூஞ்சி தெரியறதுக்கு முன்னாடியே ஒண்ணு தெரிஞ்சுச்சு. தாடைக்குக் கீழ ஸ்ட்ராப்பு தனியாத் தொங்கி ஆடிக்கிட்டு இருந்துச்சு. என்னய நெனச்சுப் பயப்படுறவரு அதை மாட்டிட்டுப் பயப்படக்கூடாதா?”

வேர்க்குரு, அரிப்பு என்று நான் முனகி முடிப்பதற்குள் உள்ளே போய், தைத்து வைத்திருந்த ஒரு துணி உறையை எடுத்து வந்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டால் காலர் தாடையில் குத்துகிறதாம். அதனால் பிஸ்கட் கலர் சட்டையின் காலரை அவள் என்றைக்கோ வெட்டி வைத்திருக்கிறாள். அந்தத் துணிதான் இந்த உறை; என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி ஸ்ட்ராப்பைச் சுற்றி மாட்டிவிட்டாள். மெத்தென்று இருந்தது.

இப்போது தினமும் ஸ்ட்ராப் மாட்டுகிற ‘டிக்’ சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு கேட் திறக்கிறது. அப்புறம் அவள் கிளம்பிப் போகிறாள், என் வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டை முதுகில் வைத்துக்கொண்டு.

நான் இன்னும் பயப்படுகிறேன்தான்... ஆனால் ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு.