ப்ரேக்கன் என்றால் பிரசங்கம்

நோர்வேயிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தங்கை மகள், போன மாதம் டொரொண்டோவில், எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் இருந்தபடி கைபேசியில் படங்கள் காட்டினாள். ஒரு பாறை. மேலே மேசை மாதிரித் தட்டை, கீழே எங்கேயோ பாதாளத்தில் தண்ணீர். "உது எங்கட பேமஸான மலை, பெரியப்பா. பேர் ப்ரைக்கஸ்டூலன்" என்றாள்.

"பிரசங்க மேடை" என்றேன் நான், தேநீரை ஊதிக்கொண்டே.

பிள்ளை கைபேசியை மடியில் வைத்துவிட்டாள். "உங்களுக்கு எப்பிடி நோர்ஸ்க் தெரியும்?"

தெரியாது. நோர்வேஜிய மொழியில் ஒரு கோப்பை தண்ணீர் கேட்கத் தெரியாது. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கத் தெரியாது. ஆனால் பாவம், கிருபை, இரட்சிப்பு, சபை எல்லாம் தெரியும். சூன், நோத, ஃப்ரெல்ச, மேனிஹேத். ஒஸ்லோவில் தொலைந்துபோனால் நான் மனந்திரும்பலாம், வீடு திரும்ப முடியாது. இத்தனைக்கும் நான் வெள்ளிக்கிழமைகளில் மீன்கூடத் தொடாத சைவக்காரன்.

அந்தச் சொற்களை நினைத்தால் எனக்கு மரப்பசையின் மணம் வரும். எழுபதுகளின் நடுவில் டொரொண்டோவின் மேற்குப் பக்கம் ஒரு தளபாடப் பட்டறையில் வேலை பார்த்தேன். பசை எப்போதும் ஒரு மூலையில் சூடாகிக்கொண்டிருக்கும். மாட்டுக்கொட்டிலையும் பேக்கரிப் பாணையும் ஒன்றாக வேகவைத்த மாதிரி ஒரு மணம். உடுப்பில் ஏறினால் இறங்காது. ஸ்ட்ரீட்கார் என்ற ட்ராமில் என் பக்கத்து இருக்கை வெறுமையாகவே வரும், நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்த தச்சு வாங்கில் வேலை செய்தவர் ஆர்னே. ஐம்பது வயது, நோர்வேக்காரர், கதவு நிலை மாதிரி ஆள். கிழமை நாட்களில் தச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் சிறிய தேவாலயத்தில் பிரசங்கி. சம்பளமில்லாத, பட்டம் படிக்காத பிரசங்கி. அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தச்சரும் மீனவரும் ஏறிப் பேசலாம், ஆனால் கையில் தாள் இருக்கக் கூடாது. தாளைப் பார்த்துப் பேசினால் மனதிலிருந்து வரவில்லை என்று கணக்கு.

ஒரு தை மாத மதியம் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து குந்தினார். அவருடைய முறிந்த ஆங்கிலத்தை நான் எழுதினால் ஆர்னே யாழ்ப்பாணத்துக்காரர் ஆகிவிடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீ மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்சனி எண்டாய். பைபிள் இங்கிலீஸ் தெரியுமோ?"

"ஓம், பத்து வருசம் படிச்சனான். பரிசும் எடுத்தனான்."

விஷயம் இதுதான். சபையில் இளம் ஆட்களுக்கு நோர்வேஜிய மொழி விளங்கவில்லை. இனி எல்லாம் ஆங்கிலத்தில் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்துவிட்டது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு ஆர்னே ஆங்கிலத்தில் பிரசங்கம் பண்ணவேண்டும். முடிந்தால் தொடரலாம். முடியாவிட்டால் பதினொரு வருடமாக ஏறிய மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டியதுதான்.

"குழுவை விடு" என்றார். "என்ர மகள் லிவ் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் காரில கொண்டுவந்து விடுவா. நான் பேசி முடியும்வரை காருக்குள்ள பேப்பர் வாசிப்பா. ஒரு சொல் விளங்காது அவவுக்கு. பத்தொன்பது வயசு. ஒருக்கா எண்டாலும் அவ உள்ள வந்து இருக்கவேணும்."

அன்றே தொடங்கினோம். ஒட்டுப்பலகையில் மிஞ்சிய துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு அறுத்தார். தச்சுப் பென்சிலால் ஒரு பக்கம் அவருடைய சொல், மறுபக்கம் நான் சொல்லும் ஆங்கிலச் சொல். ப்ரேக்கன் என்றால் பிரசங்கம், ஆங்கிலத்தில் சேர்மன். நோத, கிரேஸ். ஆசீர்வாதத்துக்கு அவர்கள் சொல் வெல்சிங்னெல்ச, அதற்குத் துண்டு போதாமல் மேசை இழுப்பறை லாச்சி ஒன்றின் அடிப்பலகையே தேவைப்பட்டது. துண்டுகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வார். சீவுளி பிடிக்கும்போது ஒன்றை எடுப்பார், முணுமுணுப்பார், சீவுவார். மூன்று மாதம் ஒரு நாள் தப்பவில்லை. காய்ச்சலோடும் வந்து துண்டை எடுத்தார்.

நான் தங்கியிருந்த அறையில் கூட இருந்தவர் சிவம் அண்ணை. விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ இங்கிலீஸ் படிப்பிக்கிறியோ? முந்தநாள் பேக்கரியில போய் என்ன கேட்டனி எண்டு அந்தாளுக்குச் சொன்னனியோ?"

பேக்கரியில் நின்ற இளம் பெட்டையிடம் நான் 'ஐ பிசீச் யூ, ஒன் லோஃப்', உம்மை மன்றாடுகிறேன் ஒரு பாண், என்று கேட்டிருந்தேன். எனக்கு அதில் பிழை தெரியவில்லை. எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்பது வேதாகம ஆங்கிலம்தான். அதிலும் கடவுளைப் பற்றிப் பேசுவதென்றால் சொல்லுக்கு வேட்டி சால்வை கட்டித்தானே அனுப்பவேண்டும்? ஆகவே ஆர்னேக்கு மெய்யாகவே என்பதற்கு 'வெரிலி' கொடுத்தேன். இதோ என்பதற்கு 'பிஹோல்ட்' கொடுத்தேன். 'யூ' இருக்கவேண்டிய இடமெல்லாம் 'தௌ' வைத்தேன். அவர் நன்றியோடு எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொண்டார்.

பிரசங்கத்துக்கு ஆறு நாள் இருக்க, திங்கட்கிழமை காலை, முகம் தொங்கிப்போய் வந்தார். முந்தின நாள் மகளுக்குப் பேசிக் காட்டியிருக்கிறார்.

"லிவ் சிரிச்சா. பிறகு கேட்டா, அப்பா, செத்து முந்நூறு வருசம் ஆன ஆள் மாதிரி ஏன் கதைக்கிறீங்கள் எண்டு."

எனக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. மூன்று மாத உழைப்பு. "என்ர பிழை, ஆர்னே" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை ஏறாதேங்கோ. நாள் தள்ளிக் கேளுங்கோ."

"இல்லை. ஆறு நாள் இருக்கு" என்றார். ஏப்ரன் பையைக் கவிழ்த்தார். துண்டுகள் வாங்கில் கொட்டின. ஒவ்வொன்றாகத் தூக்கி, "இதுக்குச் சின்னச் சொல் சொல்லு. பேக்கரிப் பெட்டைக்கு விளங்கிறது" என்றார். சிவம் அண்ணை சொல்வதையெல்லாம் நான் இவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

'ரிப்பென்டன்ஸ்' வந்தது. எனக்குச் சின்னச் சொல் தெரியவில்லை. தடுமாறி, "எங்கட தமிழில இதை மனம் திரும்பிறது எண்டு சொல்லுவம்" என்று கையைத் திருப்பிக் காட்டினேன்.

ஆர்னே எழுந்தே விட்டார். "திரும்பிறதோ? எங்களுக்கும் அதுதான்! ஓம்வெண்டெல்ச. வெண்ட எண்டால் திருப்பிறது!" வாங்கில் கிடந்த பலகையைத் தூக்கி மறுபக்கம் புரட்டிப் போட்டார். "இதுதான். இவ்வளவுதான்."

அடுத்தது 'ரிவைவல்'. தமிழில் எழுப்புதல் என்றேன். அவர்களுக்கு வெக்கெல்ச, அதுவும் தூக்கத்திலிருந்து எழுப்புவதுதான். ஆங்கிலத்தில் புதைந்துகிடந்த பொருள், எங்கள் இரண்டு பேரிடமும் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கிழமை மதியச் சாப்பாடு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது. பெரிய சொற்கள் போய் 'டேர்ன்', 'வேக்', 'கம்' வந்தன. ஆர்னே ஒவ்வொரு துண்டையும் சீவி அழித்துப் புதிதாக எழுதினார்.

ஞாயிறன்று சிவம் அண்ணையின் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கோட்டோடு அவரும் வந்தார். "பரீட்சை உனக்கும்தானே, பாப்பம்" என்றார். நாற்பது பேர் இருக்கலாம். வாசலில் காரை நிறுத்திய லிவ் பேப்பரோடு உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்தாள்.

ஆர்னே வெறுங்கையோடு ஏறினார். நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் நின்றுவிட்டார். மனம் திரும்புகிற அந்தச் சொல்தான். பெரியது போய்விட்டது, சின்னது வரவில்லை. யாரோ இருமினார்கள். குழுத் தலைவி மணிக்கூட்டைப் பார்த்தாள். என் வாயில் சொல் இருந்தது. எழும்பப் போனவனைச் சிவம் அண்ணை தொடையில் அமுக்கினார். "இரு. அந்தாள் விடாது."

ஆர்னே சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். சுவரைப் பார்த்தபடி ஐந்து விநாடி. பிறகு, பெரிய அலமாரி ஒன்றை நகர்த்துவது போல, மெல்ல முழு உடம்போடும் எங்கள் பக்கம் திரும்பினார். "திஸ்" என்றார். "காட் ஆஸ்க்ஸ் ஒன்லி திஸ்." கடவுள் கேட்பது இது மட்டும்தான்.

லிவ்வின் மடியிலிருந்த பேப்பர் கீழே சரிந்தது. அவள் எடுக்கவில்லை.

குழு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதன்பிறகு ஆறேழு வருடம் ஆர்னே ஏறினார், அவர் மகள் உள்ளே இருந்து கேட்டாள். பின் சபையார் மிசிசாகாப் பக்கம் ஒவ்வொருவராகக் குடிபோனார்கள். பட்டறை மூடியது. தேவாலயத்தை விற்றார்கள். அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டிடம், கீழே பல் வைத்தியர்.

ஆர்னேயின் அடக்கத்தன்று லிவ் என்னைத் தேடி வந்தாள். தகப்பனுடைய பிரசங்கம் ஏதாவது என்னிடம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். அவர்தான் பிரசங்கத்தில் ஒரு வரியும் எழுதிவைக்காத ஆளாயிற்றே. இரண்டு பேரும் வாசலில் நின்று, அந்த முதல் ஞாயிறு 'திஸ்' என்றதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தோம். அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.