அட்டைப்பெட்டியில் வரைந்த எட்டுக் கால்

நான் விலங்கியல் படித்தவன். மலேசியாவில், கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவனுக்கு அந்தப் படிப்பால் நயாபைசாவுக்குப் பிரயோசனமில்லை. ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த திமிரை நான் விடவில்லை.

எங்கள் விடுதி அறையில் ஆறு பேர். எனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்த அண்ணனுக்கு விரலிடுக்கில் அரிப்பு. சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நான் கெஞ்சிக் கேட்டதும் எனக்கும் காட்டினார்: சிரங்கு உண்டாக்கும் உண்ணி.

அடடா, எத்தனை வருடம் கழித்து! பூச்சி என்றால் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, ஆறு கால். இதற்கோ இடுப்பே இல்லை, உடம்பு முழுக்க ஒரே உருண்டை. முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று குட்டைக் கால்கள். பூச்சியே இல்லை இது, சிலந்திக்குச் சொந்தம். பரீட்சைக்கு வரைந்த படம் கண்முன்னே உயிரோடு நெளிந்தது. பக்கத்தில் புண்ணோடு ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"ரூம்ல எல்லாரும் மருந்து தடவுங்க, துணிய சுடுதண்ணில அலசுங்க. சரியாயிரும்," என்று இங்கிலீஷில் சொன்னார் டாக்டரம்மா. அதை அறையில் மட்டும் சொல்லிவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சூப்பர்வைசர், "அவருக்கு என்னவாம்லா?" என்று கேட்டார். நான் அட்டைப்பெட்டி மேல் படமே வரைந்து காட்டினேன். கணுக்கணுவான கால்கள், வெளிக்கூடு, தோலுக்குள் அது சுரங்கம் தோண்டி முட்டையிடும் விதம், எல்லாம். அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப மத்தவனுக்கும் ஒட்டுமா?"

"ஒட்டும் பாஸ்," என்றேன், பாடம் நடத்துகிற குரலில்.

"நாலு பேருக்கு வந்தா லைன் நின்னுரும்லா," என்று எழுந்து போனார்.

அந்த வாரமே அண்ணனின் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அங்கே மகள் நர்சிங் இரண்டாம் வருடம். படிப்பு அவர் சம்பளத்தில்தான் ஓடியது. பையைக் கட்டும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "நீ படிச்சதத்தான சொன்ன, தம்பி," என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட தேவலை.

சில நாள் கழித்து வேலை முடிந்து அறைக்குள் நுழைந்தேன். கந்தகக் களிம்பின் வாடை குப்பென்று அடித்தது. "யாருக்கு அரிப்பு?" என்று கேட்டேன்.

நான்கு பேரும் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.