மொட்டை டயர்

எண்ணூர் போகும் வழியில் திருவொற்றியூர் டயர் கடை வாசலில் நிற்கிறோம். நானும் சகலையும் ஆளுக்கொரு காரில் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். ஐப்பசி மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருக்கிறது. கடல் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது. உலக யுத்தம் முடிந்தும் டயர் பஞ்சம் தீரவில்லை. மழைக்கு வழுக்காத, ஆழமான வெட்டுள்ள புது டயர் கடையில் ஒரே செட்தான் இருந்தது. முந்திக்கொண்ட சகலையின் காரில் அதை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் என் கார்ச் சக்கரத்தைத் தட்டுகிறார்.

"சுத்தமா மொட்டையா கீதே நைனா! அவரு கயட்டிப் போட்டத மாட்டிக்கயேன். உன்துக்கு அது எவ்ளோ தேவலை."

"வேண்டாம். இதுவே ஓடும்."

"இன்னாவோ போ. மழைல வழுக்கினு போவப்போற."

சகலை ஹாரன் அடித்துவிட்டு முன்னால் கிளம்புகிறார். ஈர மணலில் அவர் டயரின் தடம் நெளிநெளியாக, கோலம் போட்டதுபோல் பதிந்து கிடக்கிறது. என் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதை மிதிக்காமல் சுற்றி வந்து காரில் ஏறுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்து, அந்தத் தடத்தின் மேலேயே வண்டியை விடுகிறேன். திரும்பிப் பார்க்கிறேன். ஒரு நெளிகூட மிச்சமில்லை.

இந்த வேலைக்கு மொட்டை டயர்தான் சரி.