சூசையம்மாள் வாங்காத நன்மை

நீடாமங்கலத்தில் என் எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருந்தவர் சூசையம்மாள். ஜாக்கெட் தைப்பதில் கெட்டிக்காரி. வாயில் என்னைவிடக் கெட்டிக்காரி. மாதா கோயில்காரக் குடும்பத்தில் பிறந்தவர். லுத்தரன் சபையைச் சேர்ந்த லாரி டிரைவர் ஜெக்கரியாவை விரும்பி, அந்தச் சபையிலேயே, அவர்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகர் முன்னால் தாலி கட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் இயேசுவைக் கும்பிடுகிறவர்கள்தானே, இதில் என்ன வம்பு என்று ஒருநாள் கேட்டு மாட்டிக்கொண்டேன். மிஷினை நிறுத்திவிட்டு விளக்கினார். கத்தோலிக்கப் பெண் தன் கோயிலின் அனுமதி இல்லாமல் வேறு சபையில் கட்டிக்கொண்டால், கோயிலைப் பொறுத்தவரை அது கல்யாணமே இல்லையாம். அப்படி வாழ்கிறவளுக்குப் பூசையில் நன்மை கிடையாது. நன்மை என்பது சாமியார் கொடுக்கும் அப்பம். அது இயேசுவின் உடலே என்பது அவர்கள் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அதை வாங்க வரிசையில் போகும்போது, இவர் பெஞ்சிலேயே காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டிலும் நாகூர் தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று, சவூதியிலிருந்து வந்த மச்சானோடு சோற்றுத் தட்டு பறக்கிற சண்டை உண்டு. அடுத்தவரைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை.

இதற்கு வழி இருந்தது. சாமியார் முன்னால் புருஷனும் பெண்சாதியும் மறுபடி சம்மதம் சொன்னால் போதும். ஜெக்கரியா மாட்டேன் என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். குவைத் போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என் பூத்துக்குத்தான் போன் செய்வார். சூசையம்மாள் கெஞ்சுவதும் அந்தப் பக்கம் அவர் கத்துவதும் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். கடவுள் முன்னால் ஒருமுறை சொன்னது சொன்னதுதான். மறுபடி சொன்னால் இத்தனை வருஷம் வாழ்ந்தது பாவம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைத் தீர்மானிக்க எந்தச் சாமியாருக்கும் அதிகாரம் இல்லை. மனசாட்சிக்கு விரோதமாக வாயைத் திறக்க மாட்டேன் என்பார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. போனை வைத்துவிட்டு இவர் அழுத அழுகையிலும் இருந்தது.

பிறகு சூசையம்மாள் வயிற்றில் கட்டி வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முற்றிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குவைத்துக்கு நானே போன் போட்டேன். ஜெக்கரியா வந்து, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். அன்றே என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனார். என்ன சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், அவளுக்கு நன்மை கொடுத்துவிடுங்கள் என்று கைகூப்பி நின்றார். அந்த மனுஷன் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். சூசையம்மாளின் அண்ணன்மார் அந்தக் கல்யாணத்தோடு உறவை முறித்தவர்கள். ஜெக்கரியா சாமியாரிடம் பணிந்துவிட்டார் என்ற கோபத்தில் அவர் சபைக்காரர்களும் வரவில்லை. யாராக இருந்தாலும் சரி என்றார் சாமியார். கடைசியில் நானும் என் வீட்டுக்காரி ஆசியாவும் சாட்சிகளானோம்.

மத்தியானம் சாமியார் வந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, அப்பம் இருந்த சின்னச் சிமிழை வைத்தார். சூசையம்மாளின் கண் அதைவிட்டு நகரவில்லை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா என்று சாமியார் கேட்டார். அவர் முடிப்பதற்குள் ஜெக்கரியா ஆமாம் என்றார்.

சூசையம்மாள் புருஷனையே பார்த்தார்.

"எனக்கு மனசு இருக்கு சாமி. அவருக்கு இல்லை. எனக்காகப் பொய் சொல்றாரு."

ஜெக்கரியா கட்டிலோரம் மண்டியிட்டார். "பொய் இல்லை சூசை. நெஜமாத்தான் சொல்றேன். நம்பு."

"இத்தனை வருஷமா முடியாதுன்னு சொன்னவரு நீங்க. உங்களைப் பொய் சொல்ல வச்சுட்டு அதை நான் எப்படிங்க நாக்குல வாங்குவேன்?"

அவர் எவ்வளவோ மன்றாடினார். ஆசியாவும் சொல்லிப் பார்த்தாள். சூசையம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஒருத்தருக்குச் சம்மதம் இல்லை என்று வந்த பிறகு மேலே நடத்த முடியாது, தனக்கு மேலே இருக்கும் ஆயரிடம் வேறு வழி கேட்டு வருகிறேன் என்றார் சாமியார். சின்ன வயசுக்காரர், அவருக்கும் கண் கலங்கியிருந்தது. சிமிழைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆயரின் பதில் வருவதற்குள் சூசையம்மாள் போய்விட்டார்.

ஜெக்கரியா குவைத்துக்குத் திரும்பவில்லை. பூத்துக்கு வந்து உட்காருவார். சாட்சி நின்றவன் என்பதால் என்னிடம்தான் கேட்பார்.

"காதர் பாய், நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. நான் மனசாரத்தானே சொன்னேன்?"

ஆமாம் என்பேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

"அப்ப ஏன் பாய் அவ நம்பலை?"

ஒரு வெள்ளிக்கிழமையாவது போனில் சரி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதை இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.