சம்பந்தி கொடுத்த கார்

எங்கள் டிபன் வண்டி பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு சக்கரம், தகரக் கூரை, பக்கவாட்டில் தூக்கித் திறக்கிற பலகை, உள்ளே அடுப்பு, கிரைண்டர், தண்ணீர் டிரம். எல்லாம் இருந்தது, இஞ்சின் மட்டும் இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போக வேண்டிய வண்டி அது. ஆரணியில் நாங்கள் நடத்திய டிபன் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இனி கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே நாமே போய்விடலாம் என்பது என் யோசனை. ஆடி மாதத்தில் படவேட்டு அம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் தொடங்குவதாக இருந்தோம்.

இழுப்பதற்கு எந்தக் காரை வாங்குவது என்பதில்தான் வினை வந்தது.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மாவு அரைபடுகிற நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் ஒரு வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். பேச்சு புரியாவிட்டாலும் படம் புரிந்தது. இழுக்கிற வண்டி இழுபடுகிற வண்டியைவிடக் கனமாக இருக்க வேண்டும். பின்வண்டியில் கனமான சாமான் கொக்கிப் பக்கம் இருக்க வேண்டும். பாரம் வாலுக்குப் போனால் வண்டி வாலை ஆட்டும். அப்படி ஆடும்போது பிரேக்கைத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் தானாக அடங்கும். என் வீட்டுக்காரரை உட்கார வைத்து இதையெல்லாம் காட்டினேன். பாதியில் அவர் தூங்கிவிட்டார்.

செய்யாறு ரோட்டில் ஒரு பட்டறையில் பழைய டீசல் ஜீப் ஒன்று விலைக்கு நின்றிருந்தது. பார்க்க எருமை மாதிரி இருந்தது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "மைலேஜ் குடுக்காதேமா" என்று முனகினாலும் வீட்டுக்காரரும் சரி என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி போன் செய்தார். சம்பந்தி என்றால் எங்கள் ஒரே மகளின் மாமனார். ஊரில் சொந்தத் தறிகள் வைத்துப் பட்டு நெய்கிறவர். "நான் பெரிய கார் எடுத்துட்டேன். சின்ன கார் சும்மா தான் நின்னுகினு கீது. என் மருமவ வூட்டுக்கு நானே தரேன். வேற எங்கியும் பாக்காதீங்க" என்றார்.

அந்தக் காரை எனக்குத் தெரியும். நாலு பேர் உட்கார்ந்தாலே மூச்சு வாங்கும். எங்கள் டிபன் வண்டியின் பாதிக் கனம்கூட வராது. ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மகளின் தலை தீபாவளிக்குத் தாம்பூலத் தட்டோடு அழைக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லை. சம்பந்தியம்மாவிடம் தட்டைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தோம். தன்னை யாரும் அழைக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் தீபாவளிக்கு மகளும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. வாங்கி வைத்த புதுத்துணி பீரோவில் கிடந்தது. நான் குளியலறையில் போய் அழுதேன். சம்பந்திக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். அப்புறம் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. என் மகள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

"பொண்ணக் குடுத்த எடம். கொஞ்சம் பொறுத்துக்கமா" என்றார் வீட்டுக்காரர். நான் பொறுத்துக்கொண்டேன். ஜீப்பை மறந்தேன்.

வெள்ளோட்டம் பார்க்கச் சம்பந்தியே மருமகளையும் அழைத்துக்கொண்டு காரோடு வந்துவிட்டார். கொக்கி அடித்து, பூசை போட்டு, கழுவித் துடைத்திருந்தார். டிபன் வண்டியில் சாமான் ஏற்றும்போது தண்ணீர் டிரம்மை நான் முன்பக்கமாக வைக்கச் சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பின்னால தள்ளுங்க. கிரைண்டரையும் பின்னாலயே வையிங்க. தறியில பாவு நூலு தளராம நிக்கணும்னா பின்னால தானே பாரம் கட்றோம்? பின்னால பாரம் இருந்தா தான் இழுத்துகினு நேரா வரும்."

"அண்ணா, முன்னால இருக்கணும்னு போன்ல பார்த்தேன்..."

"நாப்பது வருசமா பாவு இழுக்கறேன் சம்மந்திம்மா. எனக்குப் போன் சொல்லணுமா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தறிதான் கணக்கு. நேராக நிற்பது என்றால் பாவு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே வாயை மூடு என்று இருந்தது. டிரம்மும் கிரைண்டரும் வாலுக்குப் போயின. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் சொன்னார்: "மொத சவாரி. மருமவ மகாலட்சுமியாட்டம் முன்னாடி ஒக்காரட்டும். நான் கூட வரேன்."

மகளை இறங்கு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அபசகுனமாகப் பேசினாள் என்பார்களே என்று விழுங்கிவிட்டு, பின்சீட்டில் சம்பந்திக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது.

டவுனைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஊர்ந்துதான் போனோம். சந்தவாசல் போகிற ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், "இன்னா மாட்டு வண்டியா ஓட்றீங்க? ஜல்தி போங்க" என்றார் சம்பந்தி. கார் வேகம் பிடித்தது. முன்பக்கம் லேசாகிப் போனதை என்னால் உணர முடிந்தது. மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏரிக்கரை மேட்டில் ஏறி இறக்கத்தில் இறங்கியபோது பின்னாலிருந்து ஒரு தள்ளு. கார் இடது பக்கம் ஒதுங்கியது. அடுத்த தள்ளில் வலது பக்கம் போனது. கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் டிபன் வண்டி ஒருமுறை இந்தப் பக்கம் தெரிந்தது, மறுமுறை அந்தப் பக்கம் தெரிந்தது. எதிரே நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"பிரேக் போடுங்க! பிரேக்க அமுத்துங்க!" என்று கத்தினார் சம்பந்தி.

வீட்டுக்காரரின் கால் அசைவதைப் பார்த்தேன். முன்சீட்டில் மகளின் பின்னல் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது.

"யோவ், வாய மூடுய்யா!" என்றேன். என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை. "ஏங்க, பிரேக்கத் தொடாதீங்க! கால எடுங்க! ஸ்டியரிங்க நேரா புடிங்க, ஆட்டாதீங்க!"

அவர் காலை எடுத்தார். கார் இன்னும் இரண்டு தரம் ஆடியது. லாரி எங்கள் பக்கக் கண்ணாடியை உரசுகிற மாதிரி போனது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கார் ஓரத்து மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் நின்றது. மகள் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தபடியே இருந்தாள். நான் பின்னாலிருந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டேன்.

சம்பந்தி இறங்கிப் பின்னால் போனார். டிரம் கவிழ்ந்து தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டி நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே மருமகளைக் கூப்பிட்டார். வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். பஸ் கிளம்பிய பிறகுதான் நான் சொன்ன வார்த்தை எனக்கே உறைத்தது. பெண்ணைக் கொடுத்த இடத்துச் சம்பந்தியை யோவ் என்று கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் அவருடைய காரிலேயே உட்கார்ந்துகொண்டு. தாம்பூலத் தட்டுக்கே ஒரு தீபாவளி போயிற்று. இதற்கு என்னென்ன போகுமோ?

வீட்டுக்காரர் சாமானை முன்னால் மாற்றி வைத்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு கொண்டுவந்து சேர்த்தார். வழியில் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகளிடமிருந்து போன் வந்தது.

"மாமா சாப்புட்டாராடி?" என்றேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"சாப்புட்டாருமா. நீ பாத்து வெச்ச ஜீப்பப் பத்தி பஸ்ல சொன்னேன். காரைத் திருப்பிக் கொண்டாந்து வுட்டுட்டு நாளைக்கே அந்த ஜீப்ப எடுக்க சொன்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்க சொன்னாரு. 'உங்கம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது. என் மருமவள முன்சீட்ல ஏத்தறப்பவே அந்த யோவ்வ சொல்லியிருந்தா இன்னா?'ன்னு."