வலது தோளில் மாராப்பு

பதிவுக் கச்சேரியில் பத்திரங்களுக்குப் பகர்ப்பு, அதாவது நகல், எழுதுவது என் உத்தியோகம். நெய்யாற்றின்கரையில் நாள் முழுக்கக் குனிந்து எழுதிவிட்டுப் பாறசாலைக்கு வந்து சேரும்போது விரல்கள் மடங்காது. பேசும்படம் வந்து எங்கே போனாலும் அதே பேச்சாக இருந்த வருஷங்கள் அவை. அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதாத எந்த வேலையானாலும் சரி என்றிருந்தேன். ஓர் அச்சாபீஸ் முதலாளி பெண்களுக்கென்று சினிமா மாசிகை தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டு, எனக்குப் படம் வரைய வரும் என்று வலியப் போய் நின்றேன். முதல் அட்டை நன்றாக அமைந்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கச்சேரியை விட்டுவிடலாம் என்று அன்றைக்கே மனக்கோட்டை கட்டிவிட்டேன்.

அட்டையில் வரவேண்டிய நடிகையைப் பார்த்து வரைய அவர் தந்தது ஒரு கொட்டகை நோட்டீஸ். அதில் மூக்கு தெரிந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மை அப்பியிருந்தது.

முதல் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இடுப்பு காணப்பிடாது ஓய். பெண்ணுங்க வாசிக்கிய மாசிகையாக்கும்."

இடுப்பை மூடினேன். "முடியை அவுத்துப் போட்டவளை எவன் வீட்டுக்குள்ள கொண்டு போவான்?" என்றார். பின்னிப் பூ வைத்தேன். சிரிப்பில் பல் தெரிகிறது என்றார். வாயை மூடினால் அழுதுவிட்டு நிற்பவள்போல் இருக்கிறாளாம். சினிமாக்காரியாகவும் இருக்கவேண்டும், அடுக்களையிலிருந்து இப்போதுதான் வந்தவளாகவும் இருக்கவேண்டும். ஐந்தாவது படத்தைப் பார்த்து, "இது கொள்ளாம்" என்றபோது எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

சாயங்காலங்களில் என் மனைவி எதிரே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரிப்பாள். "ஒருக்கா காட்டுங்க, பாக்கட்டு" என்பாள். "அச்சாகி வரட்டு" என்பேன். இவளுக்கென்ன தெரியும் என்ற நினைப்புதான், வேறொன்றுமில்லை. நோட்டீஸில் இல்லாத கண்களை மட்டும், அவள் குனிந்திருக்கும்போது பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டேன்.

அட்டைக்கான மரக்கட்டையையும் நானே செதுக்கினேன். கட்டையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். மாசிகையின் பெயரை எழுத்தெழுத்தாக மாற்றிச் செதுக்கினேன். அச்சுக்கோப்பவர் பார்த்தார், முதலாளி பார்த்தார், நான் மூன்று தடவை பார்த்தேன். எல்லோரும் எழுத்தைத்தான் பார்த்தோம். ஒரு புள்ளி பிசகவில்லை.

முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கிய உடனே கேட்டாள்.

"இவளுக்கு என்ன, மாராப்பு வலத்தோளில கிடக்கு?"

பிடுங்கிப் பார்த்தேன். எழுத்தை மாற்றியவன் படத்தை நேராகவே செதுக்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இடது தோளில்தான் போடுகிறார்கள். தினமும் கண்ணெதிரே பார்க்கிற சங்கதி. அதற்குள் மாசிகைக் கட்டுகள் காட்டாக்கடைச் சந்தைவரை போய்விட்டிருந்தன.

ஒரு வாரம் கழித்து முதலாளி ஒரு கற்றை அஞ்சல் கார்டுகளோடு வீட்டுக்கு வந்தார். செங்கல், காரோடு என்று சுற்றுவட்ட ஊர்களிலிருந்து, எல்லாம் பெண்கள் எழுதியவை. உடுக்கத் தெரியாதவளை ஏன் அட்டையில் போட்டீர்கள் என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

"வீட்டில ஒருக்கா காட்டப்பிடாதா ஓய்?" என்றார்.

"நீங்க காட்டினியளா?" என்றேன்.

அவர் கார்டுகளை அடுக்கிக்கொண்டே, "வடக்க இப்படித்தான் உடுப்பாங்கன்னு அடுத்த மாசம் போட்டா என்ன?" என்றார். அது நடக்காது என்று அவருக்கே தெரிந்தது. அடுத்த அட்டைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து போட்டோ வரவழைப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் கச்சேரி நாற்காலி எனக்கே நிலைத்தது.

மனைவி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கண்ணு எனக்கக் கண்ணுதானே?"

"ஆமா."

"கண்ணைக் கேக்காம எடுத்தீங்க. சரி. அந்தக் கண்ணுகிட்ட ஒருக்கா காட்டியிருக்கலாம்லா?"

வெட்கமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது. மறுநாள் நான் கச்சேரிக்குக் கிளம்பும்போது, அவள் அந்த மாசிகையைத் தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.