எனக்கு வாய்த்த இருபது வயது அக்கா

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு செப்ரெம்பர் மாதம், கனடாவில், ஸ்காபரோவில் உள்ள ஒரு கல்லூரியில் நான் முதலாம் வருட மாணவனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. இளமையில் கட்டட வரைபடம் படிக்க ஆசைப்பட்டவன். நாலு புள்ளிகள் குறைந்ததால் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியவில்லை. பிறகு இந்த நாட்டுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெற்றதும், இங்கே படிக்க வயது தடையில்லை என்று அறிந்து, வீட்டில் யாரிடமும் கேட்காமல் போய்ப் பதிந்துவிட்டேன்.

பதிந்த நாளிலிருந்து நித்திரை போய்விட்டது. நான் எதற்கும் கவலைப்படுகிற ஆள். பஸ் பிந்துமோ, அறை மாறிவிடுமோ, கணினியில் எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவேனோ என்று ஒவ்வொன்றாக யோசிப்பேன். ஆனால் உண்மையான துன்பம் வேறு. வகுப்பில் என்னோடு முப்பத்தொரு பேர். நான் இருந்தால் என் இரண்டு பக்கமும் கதிரை காலியாகவே கிடக்கும். காலை வணக்கம் சொன்னால் பிள்ளைகள் மரியாதையாகத் தலையசைப்பார்கள். அதோடு சரி.

மூன்றாவது வாரம், நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு சிறிய வீட்டை வரைந்து தரும்படி ஆசிரியை சொன்னார். உடனே கதிரைகள் இழுபட்டன. எண்ணிப் பார்த்தேன். ஆறு குழுக்களில் நாலு பேர், இரண்டில் மூன்று பேர், மிச்சம் நான். இடம் இருந்த இரண்டு குழுக்களும் என் பக்கம் திரும்பவில்லை. ஆசிரியை என்னைப் பார்த்து, பிறகு ஒரு வழி செய்வோம் என்றார். அன்று வீடு திரும்பும் பஸ்ஸிலேயே முடிவெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய்ப் படிப்பிலிருந்து விலகிவிடுவது.

அன்று பின்னேரம் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் தெரிவு செய்யப்பட்டிருக்கிறேனாம், வாழ்த்துகளாம். நாளை ஐந்து மணிக்கு வெள்ளை உடுப்போடு கல்லூரியின் இன்ன அறைக்கு வரவேண்டும், வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்றிருந்தது. அஜக்ஸில் இருக்கும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இது மோசடி, பதில் போடவேண்டாம் என்றான். மனைவியோ, "வெள்ளை சேட் எண்டால் உங்களிட்டச் செத்தவீட்டுக்குப் போடுறதுதான் கிடக்கு" என்றாள்.

யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் வாரம் தமிழ் மாணவர் சங்கத்தினர் கல்லூரி வாசலில் மேசை போட்டு ரோல்ஸ் கொடுத்தார்கள். சும்மா வாங்கித் தின்னக் கூச்சமாக இருந்ததால், அவர்கள் நீட்டிய கணினியில் என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிந்திருந்தேன். வயதை யாரும் கேட்கவில்லை. எப்படியும் விலகப் போகிறவன். நேரில் போய்ப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டால் என் இடம் வேறொரு பிள்ளைக்குக் கிடைக்கும் என்று நினைத்து, செத்தவீட்டுச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் நின்ற பெடியன், "அங்கிள், மகளை விட வந்தனீங்களோ?" என்று கேட்டான். செய்தியைக் காட்டினேன். வாசித்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் வாசித்தான். பெயரை எடுத்துவிடும்படி சொன்னேன். பொறுங்கள் என்று உள்ளே போய் இரண்டொருவரோடு ஏதோ கதைத்துவிட்டு வந்தவன், ஒரு பச்சைக் கம்பளி நூலின் நுனியை என் கையில் வைத்தான்.

அது அவர்களுடைய வழக்கம். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் மேல் வகுப்பிலிருந்து ஒரு அண்ணாவோ அக்காவோ உண்டு. அது யார் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அறை முழுவதும் நூல்கள் சிக்குண்டு கிடக்க, தன் நூலைச் சுற்றிக்கொண்டே போனால் மறுநுனியைப் பிடித்தபடி தனக்குரியவர் நிற்பார். பிள்ளைகள் சிரித்தபடி மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் நூலும் ஒரு நீள மேசைக்குக் கீழேதான் போனது. என் முழங்கால்கள் அதற்கு உடன்படாது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது நாலு பெடியன்கள் வந்து அந்த மேசையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். மேலாப்பின் கீழே வரும் மாப்பிள்ளையைப்போல நான் நிமிர்ந்தபடி நடந்து போனேன்.

நூலின் முடிவில் ஒரு பெண்பிள்ளை நின்றது. வெக்ஸ்போர்ட்டில் வீடு, தாதியர் படிப்பில் மூன்றாம் வருடம், வயது இருபது. முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். பிள்ளை பெரிதாகச் சிரித்தது.

"அங்கிள், நான்தான் உங்கட அக்கா. கோவிக்காதேங்கோ, ரூல் அப்பிடி."

நாளைக்கு விலகப் போகிறேன் என்று மெல்லச் சொன்னேன்.

"நாளைக்கோ? இண்டைக்குத்தானே எனக்குக் கிடைச்சனீங்கள்."

காரணம் கேட்டது. குழுவில் என்னை யாரும் சேர்க்கவில்லை என்றேன். நீங்களாகக் கேட்டீர்களா என்றது. இல்லை. பேரப்பிள்ளை வயதுக்காரரிடம் போய், என்னையும் சேருங்கள் என்று எப்படிக் கேட்பது?

"கேக்காமல் விலக ஏலாது, அங்கிள். காலமை நான் கிளாஸ் வாசல்ல நிக்கிறன். அவை நோ எண்டு சொன்னா, நானே உங்களை ஒஃபிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

சொன்னபடியே மறுநாள் தாதியர் உடுப்போடு, கையில் கோப்பியோடு வந்து நின்றது. நான் மூன்று பேர் இருந்த குழுவிடம் போனேன். வீட்டிலே பத்துத் தரம் சொல்லிப் பார்த்த ஆங்கில வசனம் பாதியில் உடைந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். என்னை மாணவன் என்றே அவர்கள் நினைக்கவில்லையாம். ஆசிரியை சரியாகப் படிப்பிக்கிறாரா என்று பார்க்கக் கல்லூரி அனுப்பிய ஆள் என்று நினைத்தார்களாம். எப்போதும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தேனே. இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல், ஒரு கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான்.

நான் இருந்தேன். வாசலைப் பார்த்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது. அன்று தன் வகுப்புக்கு அது பிந்திப் போனதைப் பல மாதங்கள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

நான் படிப்பை முடித்துவிட்டேன். இந்த ஜூனில் அந்தப் பிள்ளையும் பட்டம் பெற்றது. விழாவில் என்னைத் தாய் தகப்பனிடம் கூட்டிப்போய், "இவர்தான் என்ர தம்பி" என்றது. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவரான தகப்பன் பதறி எழும்பி, "அண்ணை, இருங்கோ" என்று தன் கதிரையைக் காட்டினார்.

"அவர் நிக்கட்டும் அப்பா, சின்னவர்தானே" என்றது பிள்ளை. நான் சந்தோஷமாக நின்றேன்.

வயதானவன் என்று கண்டு எழும்பி இடம் தந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், அவர்கள் எல்லோருக்கும் என் நன்றி உண்டு. ஆனால் புதிதாக வந்தவன் என்று கண்டு என்னைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பிள்ளையை நினைக்கும்போதுதான், நானும் இங்கே ஒருவன் என்ற நினைப்பு எனக்கு வருகிறது.